கல்லில் ஓர் அரசாணை: சீஆன் முதல் சூஃபூ வரை

நாள் 1: சீஆன்

அக்கா மகன் மருத்துவம் படிக்கச் சீனாவுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. "மாமா, ரிடையர் ஆனதும் வந்துடுங்க" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் போனில் சொல்வான். போன வருஷம் ரிடையர் ஆனேன். 33 வருஷம் வருவாய்த்துறை. இளநிலை உதவியாளராகத் தாலுகா ஆபீஸில் சேர்ந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்தவன். மே மாதக் கடைசியில் ஒருவழியாகக் கிளம்பிவிட்டேன்.

பெருஞ்சுவர், பீஜிங் எல்லாம் வேண்டாம், ஹான் வம்சத்து இடங்களை மட்டும் காட்டு என்றதும் அவனுக்குப் புரியவில்லை. நான் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவன். புத்தகத்தைப் படி, பரீட்சை எழுது, சர்க்கார் உத்தியோகம் வாங்கு என்ற வழியை ஒரு பேரரசே ஏற்பாடு செய்து பெரிய அளவில் நடத்தியது ஹான் காலத்தில்தான். கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை, நடுவில் சின்ன இடைவெளியோடு 400 வருஷம் ஆண்டவர்கள். என் உத்தியோகத்துக்குக் கொள்ளுத்தாத்தா மாதிரி ஒன்று அங்கே இருந்திருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்றேன். "சரி மாமா, ஆனா பார்க்க ஒண்ணும் இருக்காது, மண்ணுதான் இருக்கும்" என்றான்.

மண்தான் இருந்தது. ஹான்களின் முதல் தலைநகரம் இங்கேதான். வெய்யாங் அரண்மனை, கி.மு. 200-ல் கட்டியது. வளாகம் மட்டும் 4.8 சதுர கிலோமீட்டர். இன்றைக்கு முன்மண்டபம் நின்ற இடத்தில் இடித்து இறுக்கிய மண்மேடு ஒன்று, மேலே புல். ஒரு பெரியவர் மேட்டில் நின்று பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். நூல் உருளை அவர் இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்தது. படி ஏறி மேலே போனதும் எனக்கு மூச்சு வாங்கியது. மருமகன் என் நாடியைப் பிடித்துப் பார்த்தான். டாக்டர் ஆகப்போகிறான் இல்லையா.

மேட்டில் உட்கார்ந்து அவனுக்கு லியூ பாங் கதை சொன்னேன். ஹான் வம்சத்தை நிறுவியவர். அதற்கு முன்னால் சின்னப் பகுதி ஒன்றின் காவல் சாவடிப் பொறுப்பாளர், நம்ம ஊர்த் தலையாரிக்கு ஒரு படி மேலே என்று வைத்துக்கொள்ளலாம். படித்தவர்களைக் கண்டாலே ஆகாது. பண்டிதர் தொப்பியோடு யாராவது வந்தால் அதைக் கழற்றி அதிலேயே சிறுநீர் கழித்தவர். லூ ஜியா என்ற அறிஞர் எப்போது பார்த்தாலும் பழைய நூல்களை மேற்கோள் காட்ட, "நான் குதிரை மேல் உட்கார்ந்து நாட்டைப் பிடித்தவன், எனக்கு எதுக்கு இந்த ஏடெல்லாம்?" என்று கத்தியிருக்கிறார். "குதிரை மேல் உட்கார்ந்து பிடிக்கலாம், குதிரை மேல் உட்கார்ந்தே ஆள முடியுமா?" என்று பதில் வந்தது.

அரண்மனை விருந்துகளோ கள்ளுக்கடை மாதிரி. பழைய கூட்டாளிகள் எல்லாரும் இப்போது தளபதிகள். குடித்துவிட்டு, கத்தியை உருவித் தூணை வெட்டிக்கொண்டு, யார் பெரியவன் என்று சண்டை. லியூ பாங்குக்கே இது சங்கடமாகப் போனது. அந்த நேரம் பார்த்து ஷூசுன் தோங் என்ற பண்டிதர் முன்னால் வருகிறார். "படித்தவர்களை வைத்து நாட்டைப் பிடிக்க முடியாது. பிடித்ததைக் காப்பாற்ற அவர்கள் உதவுவார்கள்" என்கிறார். பழைய சீன ஞானி கன்ஃபூசியஸின் ஊர்ப் பக்கமிருந்து 30 பேரை வரவழைத்து, ஊருக்கு வெளியே வெட்டவெளியில் கயிறு கட்டி, வைக்கோல் கட்டுகளை நட்டு, யார் எங்கே நிற்பது, எப்போது குனிவது என்று ஒரு மாசத்துக்கு மேல் ஒத்திகை. பக்கத்திலிருந்த சாங்லே அரண்மனையில் கி.மு. 200 வாக்கில் புது வருஷ தர்பார் நடந்தபோது ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. கண்காணிப்பு அதிகாரிகள் வரிசை தவறியவர்களை அப்படியே வெளியே அழைத்துப் போய்விட்டார்கள். லியூ பாங் சொன்னாராம்: "பேரரசனாக இருப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது."

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். ஷூசுன் தோங்கின் சீடர்கள் அதுவரை "நம்ம வாத்தியாரால் நமக்கு ஒரு வேலையும் இல்லை" என்று முணுமுணுத்தவர்கள். தர்பார் முடிந்ததும் அத்தனை பேருக்கும் அரண்மனையில் வேலை. உடனே, "எங்கள் வாத்தியார் ஞானி, காலத்துக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர்."

"அப்போ கன்ஃபூசியஸ் ஆளுங்க முதல்ல பார்த்தது புரோட்டோகால் வேலைதானா மாமா?" என்றான். ஆமாம். கலெக்டர் மீட்டிங்கில் யாருக்கு எந்த நாற்காலி என்று தாள் ஒட்டும் வேலை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு தாள் மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ராத்திரி பியாங் பியாங் நூடுல்ஸ். ஒவ்வொன்றும் பெல்ட் அகலம். சைவமாகக் கேட்டு வாங்கினோம், மேலே மிளகாய்த் தூளில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். நம்ம நாக்குக்குச் சரி.

நாள் 2: சீஆன்

காலையில் தோங் சோங்ஷு என்ற ஹான் காலப் பண்டிதரின் சமாதி தேடிப் போனோம். தெற்குக் கோட்டைச் சுவரை ஒட்டி உள்பக்கம் ஒரு தெரு. தெருவுக்கே பெயர் 'சியாமாலிங்', 'குதிரையை விட்டு இறங்கும் மேடு'. ஹான் வம்சத்து வூ பேரரசர் இந்த இடம் வந்தால் மரியாதைக்குக் குதிரையிலிருந்து இறங்குவாராம். பேச்சு வழக்கில் தேய்ந்து தாங் வம்சக் காலத்தில் அதையே 'தவளை மேடு' என்று சொல்லியிருக்கிறார்கள். வூ பேரரசரின் சமாதிக்குப் பக்கத்தில் சிங்பிங்கிலும் இவருடைய சமாதி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். இங்கே நாங்கள் போன நேரம் கதவு பூட்டியிருந்தது. இடுக்கு வழியாகக் கொஞ்சம் செடியும் சுவரும் தெரிந்தன. வாசலில் ஒரு அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, இங்கே எதற்கு வந்தீர்கள் என்கிற மாதிரி சிரித்தார்.

தோங் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவாராம். மூத்த மாணவர்கள் இளைய மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், சிலர் அவர் முகத்தையே பார்த்ததில்லை. மூன்று வருஷம் தன் தோட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை என்றும் சொல்வார்கள். வூ பேரரசர் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் கொடுத்த பதில்களில் முக்கியமானவை மூன்று. தலைநகரில் ஓர் உயர்கல்விச்சாலை வேண்டும். கன்ஃபூசியஸ் வழி நூல்களுக்கு வெளியே உள்ள கொள்கைகளுக்கு அரசாங்கத்தில் வழி விடக் கூடாது. மூன்றாவதில்தான் வில்லங்கம்: மன்னன் தப்பு செய்தால் வானம் முதலில் பேரிடர் அனுப்பிக் கண்டிக்கும், அப்புறம் விநோத நிகழ்வுகளால் பயமுறுத்தும், அப்போதும் திருந்தாவிட்டால் அழிவு.

முதல் இரண்டும் ராஜாவுக்கு இனிக்கும். மூன்றாவது ராஜா மூக்கில் கட்டிய கயிறு. கேள்வி கேட்க முடியாத ஒருவரை வெள்ளத்தையும் கிரகணத்தையும் சாக்கு வைத்துக் கேள்வி கேட்பது. புத்திசாலித்தனம்தான், ஆனால் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கிற கைக்கு ஆபத்து. கி.மு. 135-ல் வம்ச நிறுவனரின் கோயில் ஒன்று தீப்பிடித்தது. இது வானத்தின் எச்சரிக்கை என்று தோங் ஒரு கட்டுரை எழுதி, அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தார். அவர் மேல் பொறாமை கொண்ட ஒருவர் அதைத் திருடி அரசரிடம் கொடுத்தார். அரசர் பண்டிதர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தோங்கின் சொந்த மாணவர் லூ புஷு, எழுதியது யார் என்று தெரியாமல், "இது அடிமுட்டாள்தனம்" என்று கருத்து எழுதிவிட்டார். வாத்தியாருக்கு மரண தண்டனை. பிறகு அரசர் மன்னித்தார். அதற்கப்புறம் தோங் பேரிடர்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பெயர் தெரியாத கோப்பில் குறிப்பு எழுதும்போது கை நடுங்க வேண்டும் என்று என் முதல் தலைமை எழுத்தர் சொல்வார். லூ புஷுவுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை போலிருக்கிறது.

தோங்கின் யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் வேறு ஆள், கோங்சுன் ஹோங். கடலோரத்தில் பன்றி மேய்த்தவர். நாற்பது வயதுக்கு மேல்தான் படிக்க ஆரம்பித்தார். உயர்பதவிக்கு வந்தபிறகும் பட்டுக்கு வழியில்லாதவர் மாதிரி முரட்டுத் துணிப் போர்வையில் படுத்தார். நடிப்பு என்று சக அதிகாரியே அரசரிடம் போட்டுக் கொடுத்தார். கி.மு. 124-ல் அவர் அனுப்பிய முன்மொழிவைப் படித்தால் ஒரு நல்ல செக்‌ஷன் ஆபீசரின் கை தெரிகிறது. பிரச்சினை என்ன என்று முதலில் சொல்கிறார்: அரசாணைகள் எல்லாம் ஆழமான பழைய நடையில், நயமாக எழுதப்படுகின்றன. கீழ்மட்ட எழுத்தர்களுக்குப் படிப்பு போதாது. அவர்களால் புரிந்துகொண்டு ஜனங்களுக்கு விளக்க முடியவில்லை.

இதைப் படித்த அன்று நான் வீட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். 2100 வருஷத்துக்கு முந்தைய குறை இது. ஆணையை எளிதாக எழுதலாம் என்று அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை, எழுத்தனை இன்னும் படிக்க வைக்கலாம் என்றுதான் தோன்றியிருக்கிறது.

தீர்வு: கன்ஃபூசியஸ் வழிச் செவ்வியல் நூல்களுக்கென்று ஏற்கெனவே நியமிக்கப்பட்ட அரசுப் பேராசிரியர்களுக்கு 50 மாணவர்கள். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், தோற்றம் லட்சணமாக இருக்க வேண்டும் (இப்படியே எழுதியிருக்கிறது). கட்டாய உழைப்பிலிருந்து விலக்கு. வருஷ முடிவில் பரீட்சை. ஒரு நூலில் தேறினால் எழுத்தர் வரிசையில் வேலை, முதல் தரத்தில் வந்தால் அரண்மனையில் வேலை, தேறாதவன் வீட்டுக்கு. அந்த 50 அடுத்த நூற்றுச் சொச்சம் வருஷத்தில் 100, 200, 1000, 3000 என்று போனது. சர்வீஸ் கமிஷன் அறிவிப்பு வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் சிமா ச்சியென், கல்வி அதிகாரிகளுக்கான இந்தப் புது விதிகளைப் படிக்கும்போதெல்லாம் ஏட்டைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டேன் என்று எழுதுகிறார். எதற்கு விட்ட மூச்சு என்பதில் படிப்பவர்களுக்குள் ரொம்ப நாளாக வழக்கு உண்டு. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கொள்கைக்காகப் படித்தவர்கள் இருந்த இடத்தில் சம்பளத்துக்காகப் படிப்பவர்கள் வந்து உட்காரப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் இரண்டாவது வகை. அதனால் அந்தப் பெருமூச்சு கொஞ்சம் சுடுகிறது.

பிற்பகல் கல்வெட்டு வனம் என்ற அருங்காட்சியகம். தாங் காலத்தில், 837-ல் முடித்த 114 கற்கள், இரு பக்கமும் செவ்வியல் நூல்கள், மொத்தம் ஆறரை லட்சம் எழுத்துகள். நம்ம விஷயத்துக்கு 600 வருஷம் பிந்தியவை என்பதால் நடந்துகொண்டே பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம், ஒரே நிறத் தொப்பி, டீச்சர் கையில் மைக். காது போய்விட்டது.

நாள் 3: ரயில், லுவோயாங்

இன்றைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதிவேக ரயிலில் லுவோயாங் வந்து சேர்ந்தோம், இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குக் குதிகாலில் வலி. ஓட்டலில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ரயிலில் வரும்போது வாங் மாங் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். கன்ஃபூசிய நூல்களில் ஊறியவர், பண்டிதர்களின் செல்லப்பிள்ளை, கடைசியில் கி.பி. 9-ல் ஹான் சிம்மாசனத்தையே எடுத்துக்கொண்டவர். அதற்கு முன்னால், தலைநகரில் மாணவர்கள் தங்க 10,000 வீடுகள் கட்டிக் கொடுத்தார். தனக்குக் கொடுத்த நிலத்தை அவர் வேண்டாம் என்று சொன்னதும், அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று மனுப் போட்டவர்கள் 4,87,572 பேர். கடைசி இரண்டு பேர் வரைக்கும் எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மனு வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிய எழுத்தர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

நல்ல ஆட்சி நடந்தால் தூர தேசத்திலிருந்து அபூர்வ மிருகம் வரும் என்பது பண்டிதர்கள் சொன்ன சகுனம். கி.பி. 2-ல் 'ஹுவாங்ஜி' என்ற நாட்டிலிருந்து ஒரு காண்டாமிருகம் வந்தது. தானாக வரவில்லை, அந்த நாட்டு ராஜாவுக்கு நிறையப் பரிசு அனுப்பி, மிருகத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கியது. அந்த ஹுவாங்ஜி நம்ம காஞ்சிபுரம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. "காஞ்சிபுரத்துல காண்டாமிருகம் ஏது மாமா?" என்றான் மருமகன். எங்கிருந்தாவது வாங்கிக் கைமாற்றி விட்டிருப்பார்கள். பட்டுக்கு வெளியூர் நூல் வாங்குகிற ஊர்தானே.

நாள் 4: லுவோயாங், யான்ஷி

ஹான் வம்சத்தின் பிற்பகுதியான கிழக்கு ஹானுக்குத் தலைநகரம் லுவோயாங். கி.பி. 29-ல் இங்கே உயர்கல்விச்சாலையை மறுபடி தொடங்கினார்கள். சீனத்தில் அதன் பெயர் 'தாய்ஷுவே'. 'தாய்' என்றால் அங்கே 'பெரிய' என்று அர்த்தம், ஆனாலும் தமிழ்க் காதில் வேறு மாதிரி விழுகிறது. இடம் இப்போது நகரத்துக்குக் கிழக்கே, யான்ஷிப் பக்கம் ஒரு கிராமம். கிராமத்தின் பெயரே தாய்ஷுவே கிராமம்தான். டாக்சிக்காரர் இரண்டு தரம் கேட்டார், அங்கே என்ன இருக்கிறது என்று.

கோதுமை இருந்தது. அறுவடை நேரம். பாதி வயல் மஞ்சளாக நிற்கிறது, பாதியில் இயந்திரம் ஓடி முடிந்திருக்கிறது. சாலை ஓரத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தானியம் கொட்டிக் காயவைத்து, மரப் பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்று ஒரு கல். அதற்கு அந்தப் பக்கம் வெங்காயப் பாத்தி. ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைத்துவிட்டு, பதில் வராததால் படுத்துக்கொண்டது.

இந்த வயலில் ஒரு காலத்தில் 30,000 மாணவர்கள்.

வெங்காயப் பாத்தியைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தாய்ஷுவே கவனிப்பாரற்றுப் போய், கட்டடம் இடிந்து, வளாகத்தில் காய்கறி போட்டிருக்கிறார்கள், ஆடு மேய்க்கும் பையன்கள் விறகு பொறுக்கியிருக்கிறார்கள் என்று அந்தக் காலத்துச் செய்தியே சொல்கிறது. அப்புறம் ஷுன் பேரரசர் 240 கட்டடம், 1850 அறை என்று திருப்பிக் கட்டினார். ஆக, காய்கறிக்கு இது இரண்டாவது முறை.

படிப்பு எப்படி இருந்தது? ஒரு பண்டிதர் ஒரு நூலின் நாலே எழுத்துக்கு 30,000 எழுத்தில் உரை எழுதினார். தலைப்பில் இருந்த இரண்டு எழுத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். சின்ன வயசில் ஒரு நூலைத் தொட்டவன் தலை நரைத்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச முடியும் என்று அப்போதே கேலி பேசினார்கள். இதெல்லாம் சம்பளமும் லாபமும் இருக்கிற பாதை என்பதால்தான் என்று வரலாற்றாசிரியர் பான் கு முகத்துக்கு நேராக எழுதிவிட்டார். சியாஹோ ஷெங் என்ற வாத்தியார் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்வார்: "நூலை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள், உயர்பதவி தரையில் கிடக்கிற துரும்பைக் குனிந்து எடுப்பது மாதிரி." என் காலடியில் கோதுமை வைக்கோல் கிடந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். குதிகால் வலியோடு அது ஒன்றும் அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் இந்த சியாஹோ ஷெங்கை வெறும் கோச்சிங் சென்டர் வாத்தியாராக நினைத்துவிட முடியாது. கி.மு. 72-ல் அப்போதைய பேரரசர், தன் கொள்ளுத்தாத்தா வூ பேரரசருக்குத் தனி வழிபாடு வேண்டும் என்று ஆணை போட்டார். அத்தனை அதிகாரிகளும் தலையாட்டினார்கள். இவர் ஒருவர் எழுந்து, அவர் போர் நடத்தி ஜனத்தைப் பாதியாக்கியவர், மக்களுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை, கூடாது என்றார். அரசரின் ஆணையாயிற்றே என்றார்கள். ஆணையானாலும் ஏற்க முடியாது என்றார். சிறை, எப்போது வேண்டுமானாலும் தலை போகலாம். அவர் மேல் குற்றம் சாட்டாததற்காக ஹுவாங் பா என்ற அதிகாரியும் கூடவே உள்ளே போனார். உள்ளே ஹுவாங் பா, எனக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார். சாகப்போகிறவனுக்கு எதுக்குப் பாடம் என்றார் இவர். "காலையில் நெறியைக் கேட்டவன் மாலையில் செத்தாலும் சரி" என்று கன்ஃபூசியஸ் வாக்கையே ஹுவாங் பா எடுத்துவிட்டார். இரண்டு குளிர்காலம் சிறைக்குள் வகுப்பு நடந்தது. பிறகு விடுதலை. ஹுவாங் பா பிற்காலத்தில் பிரதமர் ஆனார்.

துரும்பு என்று சொன்னவரும் ஆணையை ஏற்க முடியாது என்றவரும் ஒரே ஆள். இதை மருமகனிடம் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஊருக்கு வந்து வெளிநாட்டு டாக்டர்களுக்கான தகுதித் தேர்வு வேறு எழுத வேண்டும், அந்தக் கவலை அவனுக்கு.

சர்க்கார் சோறு போட்டு வளர்த்த மாணவர்கள் சர்க்காரை எதிர்த்ததும் நடந்தது. பழைய தலைநகரில் (இன்றைய சீஆன்), கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், பாவ் ஷுவான் என்ற நேர்மையான அதிகாரிக்கு மரண தண்டனை என்று செய்தி வந்தது. வாங் சியென் என்ற மாணவர் வளாகத்தில் ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்து, "பாவ் ஷுவானைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இந்தக் கொடிக்குக் கீழே வாருங்கள்" என்றார். ஆயிரத்துக்கு மேல் திரண்டார்கள். பிரதமரின் வண்டியை மறித்தார்கள். மரண தண்டனை ஒரு படி குறைந்தது. லுவோயாங்கில் கி.பி. 153-ல் பல ஆயிரம் மாணவர்கள் அரண்மனை வாசலில் மனுவோடு நின்று ஓர் அதிகாரியை விடுவித்தார்கள். அரண்மனையை ஆட்டி வைத்த அலிகளான அந்தப்புர அதிகாரிகளுக்கு இது பொறுக்குமா? 166-லும் 169-லும் கட்சி கட்டினார்கள் என்று குற்றம் சாட்டிப் படித்தவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறையில் போட்டார்கள், கொன்றார்கள், உத்தியோகத் தடை விதித்தார்கள். 172-ல் அரண்மனை வாசலில் யாரோ, விதவை மகாராணியைக் கொன்றதே இவர்கள்தான் என்று எழுதிவிட்டுப் போக, தாய்ஷுவே மாணவர்கள் ஆயிரத்துக்கு மேல் கைது.

மூன்றே வருஷம் கழித்து, 175-ல், இதே தாய்ஷுவே வாசலில் கல் செதுக்க ஆரம்பிக்கிறார்கள். பாடநூல்களின் சரியான பாடம், 46 கற்கள், ஏறக்குறைய இரண்டு லட்சம் எழுத்துகள். ட்சாய் யோங் என்ற அறிஞர் சிவப்பு மையால் தன் கையாலேயே கல்லில் எழுதிக் கொடுக்க, சிற்பிகள் வெட்டினார்கள். காரணம்? பரீட்சையில் விடை தப்பானவர்கள், அரண்மனை நூலகத்து எழுத்தருக்குக் காசு கொடுத்து மூலப் பிரதியையே தங்கள் விடைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். விடைத்தாளைத் திருத்துவது கேள்விப்பட்டிருக்கிறேன். பாடநூலையே திருத்தியது இங்கேதான். கல்லில் இருந்தால் காசு கொடுத்து மாற்ற முடியாது. பிரதி எடுக்க வந்தவர்களின் வண்டிகள் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் நின்று தெருவை அடைத்தன என்கிறார்கள்.

எனக்கு அந்த 172-ம் 175-ம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது உறுத்துகிறது. வாசலில் மாணவன் எழுதினால் கைது, அரசு எழுதினால் கல். 183-ல் வேலை முடிந்தது. 190-ல் தோங் ஜுவோ என்ற தளபதி லுவோயாங்கைக் கொளுத்தினார். இப்போது மிஞ்சியவை துண்டுகள்தான்.

திரும்பும்போது டாக்சிக்காரர், பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றோம். "கோதுமைதானே?" என்றார்.

நாள் 5: சூஃபூ

ரயில் மாறி வந்து சேர நேற்றே இருட்டிவிட்டது. கன்ஃபூசியஸ் ஊர். வீதி முழுக்கப் பரீட்சைக் காலம். ஜூன் 7-ல் நாடு தழுவிய கல்லூரி நுழைவுத் தேர்வு. கோயிலில் சிவப்பு அட்டைகளில் பிள்ளைகள் பெயரை எழுதிக் கட்டிக்கொண்டிருந்தார்கள் பெற்றோர். ஓர் அப்பா முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விடுகிறேன். லூ சுவர் என்ற இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஹானுக்கு முன்னால் ஆண்ட சின் பேரரசர் கி.மு. 213-ல் நூல்களைக் கொளுத்தச் சொன்னபோது கன்ஃபூசியஸ் வம்சத்தார் ஏடுகளைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். ஹான் காலத்தில் ஒரு இளவரசர் தன் அரண்மனையைப் பெரிதாக்க அந்த வீட்டை இடிக்க, ஏடுகள் வெளியே வந்தன. பழைய எழுத்துமுறையில். அதை வைத்து, இது உண்மையா அது உண்மையா என்று பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்டார்கள். எந்தப் பாடம் ஜெயிக்கிறதோ அதற்குத்தானே அரசுப் பேராசிரியர் பதவி. கல்லறைத் தோட்டத்தில் கன்ஃபூசியஸின் சமாதிக் கல்லில் ஒட்டுப்போட்ட விரிசல்கள் தெரிகின்றன. 1966-ல் உடைத்தது.

நான் வந்தது யீ யிங் கல்லுக்கு. ஹான், வெய் காலக் கல்வெட்டுகளுக்கென்று கோயிலுக்கு அருகில் தனிக் காட்சிக்கூடம். உள்ளே எங்களைத் தவிர இரண்டே பேர், அதில் ஒருவர் காவலாளி. கல் என்னைவிட உயரம். 18 வரி, வரிக்கு 40 எழுத்து. எழுத்துக்கலைக்காரர்கள் இதைப் பார்த்து எழுதிப் பழகுவார்கள். இந்த எழுத்துமுறைக்குச் சீனத்தில் 'லீஷு' என்று பெயர், அதாவது குமாஸ்தா எழுத்து. கிடைக்கோடு முடிகிற இடத்தில் அகன்று மேலே சுழித்து ஏறுகிறது, அவசரக் கையில் அப்படி வராது. பொறுமையான குமாஸ்தா. மருமகன் பக்கத்திலிருந்த விளக்கப் பலகையை வரி வரியாகச் சொல்ல, நான் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. இது கோப்பு.

பொருள்: கோயிலுக்கு ஒரு எழுத்தர் பணியிடம். கி.பி. 153. லூ நாட்டின் (சூஃபூ இருந்த பகுதி) நிர்வாகி யீ யிங் எழுதுகிறார்: கன்ஃபூசியஸ் வம்சத்துப் பிரபு வருஷத்துக்கு நாலு தடவை பூசைக்கு வருகிறார், முடிந்ததும் போய்விடுகிறார். கோயிலில் பூசைப் பாத்திரங்கள் இருக்கின்றன, பொறுப்பாளர் இல்லை. ஆகவே 100 படி நிலையில் ஓர் எழுத்தரை நியமிக்க அனுமதி வேண்டும். (சம்பளத்தைத் தானிய அளவால் சொல்வார்கள், 100 அதில் அடிமட்டத்தை ஒட்டியது.) மேலே இருந்த இரண்டு அமைச்சர்கள் உடனே சரி என்று சொல்லவில்லை. முன்னுதாரணம் என்ன என்று சடங்குத் துறையைக் கேட்கிறார்கள். ஃபெங் மோ, குவோ ஷுவான் என்ற இரண்டு பிரிவு அலுவலர்கள் பதில் தருகிறார்கள்: தலைநகரில் பூசை நடக்கும்போது ஆடு, மாடு, பன்றி, கோழி இன்னார் கணக்கு, அரிசி நிதித்துறை கணக்கு. அப்புறம்தான் "யீ யிங் சொன்னபடியே செய்யலாம் என்பது எங்கள் அற்ப அறிவுக்குப் படுகிறது" என்று அரசருக்குப் போகிறது. அரசரின் பதில் ஒரே எழுத்து. 'ஆகட்டும்.' அந்த ஒற்றை எழுத்தை மருமகன் விரலால் காட்டினான். அத்தனை எழுத்துக்கு நடுவில் எனக்கு அந்தக் கையெழுத்து தனியாகத் தெரிந்தது.

தகுதி: வயது 40-க்கு மேல். ஒரு செவ்வியல் நூலில் தேர்ச்சி. தேர்வில் வெற்றி. குலத்தாரின் மதிப்பைப் பெற்றவராக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் லூவிலிருந்து பதில் வந்துவிட்டது. ஆனால் பதில் எழுதியது யீ யிங் இல்லை, பிங் என்று வேறொரு நிர்வாகி. "மாறுதல்ல போயிட்டார்டா மாப்ளே" என்றேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, காவலாளி திரும்பிப் பார்த்தார். கோப்பை ஆரம்பித்தவன் ஒருத்தன், முடிக்கிறவன் ஒருத்தன். "தலை தரையில் முட்ட, மரண தண்டனைக்கு உரியவனாகச் சமர்ப்பிக்கிறேன்" என்று தொடங்கி, தேர்வு நடத்திய விவரம் தருகிறார். தேர்வாளர்கள் கோங் குடும்பம். தேறியவர் கோங் ஹே, அதே குடும்பம். நூலில் முதல் தரம், பெற்றோருக்கு நல்ல பிள்ளை என்று குறிப்பு. குலத்தார் மதிக்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருந்ததால் ஆட்சேபிக்க வழியில்லை.

கடைசி வரிகள் பாராட்டு. மகா ஞானி கன்ஃபூசியஸ் என்று தொடங்கி யீ யிங்குக்கு ஒரு வாக்கியம். அதற்கடுத்து வட்ட நிர்வாகி பாவ் தியே என்பவருக்கு: நூறு படி எழுத்தருக்கு அலுவலகக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தவர், அவர் புகழ் முடிவில்லாமல் நிலைக்கும்.

"குவார்ட்டர்ஸும் குடுத்திருக்காங்களா மாமா?"

"ஆமாடா. ஓதமெல்லாம் ஏறாம இருந்திருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். என் முதல் போஸ்டிங் குவார்ட்டர்ஸில் மழைக்காலத்தில் சுவரோரம் பாயே போட முடியாது. அவன் கல்லைப் பின்னால் வைத்து என்னை ஒரு போட்டோ எடுத்தான். கூடத்தை மூடுகிற நேரம் என்று காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்.